ஏழு தகடுகள் பதித்த மரம்

இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில், லண்டனுக்கு வந்த இரண்டாவது வருடம், செவன் கிங்ஸில் ஒரு பெற்றோல் ஷெட்டில் எனக்கு வேலை. காலை ஆறு மணியிலிருந்து பிற்பகல் இரண்டு மணி வரை காசு வாங்கும் மேசைக்குப் பின்னால் நிற்பேன். அதற்கு முன் ஹொலண்டில் ஒன்பது வருடங்கள் கண்ணாடிக் கூரைக்குக் கீழே தக்காளி பிடுங்கினேன். அதற்கும் முன், ஊரில், நான் நில அளவையாளன்.

புதன்கிழமைகளில் எட்டு மணியளவில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வருவார். அறுபது வயதுக்கு மேலிருக்கும். சப்பாத்து முழுக்கச் சேறு. ஒரு கோப்பியும் ஒரு சொக்கலேற்றும் வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஒக்டோபர் மாதம் ஒரு நாள் கோப்பி வாங்காமல், சின்னத் திருகாணி முடுக்கி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். மேசையில் அவர் வைத்தது முப்பது மீற்றர் அளவு நாடா. உள்ளே முறுகி இறுகிப் போயிருந்தது.

அதைக் கையில் எடுத்ததும் பின்னால் நின்ற வரிசையை மறந்துவிட்டேன். பேனாக் கத்தியின் நுனியால் மூடியைத் திறந்து, சுருளைத் தளர்த்தி, மடிந்திருந்த இடத்தை நிமிர்த்தி, மறுபடி சுற்றிக் கொடுத்தேன். வரிசையில் இரண்டு வான் சாரதிகள் முணுமுணுத்தார்கள். இதை வைத்து எதை அளக்கிறீர்கள் என்று கேட்டேன். மரங்களை என்றார். நான் நில அளவையாளன் என்று சொன்னேன். என்னைப் பற்றி அந்தச் சொல்லை நான் சொல்லிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. ஏதோ பொய் சொன்னவன்போல முகம் சூடாகிவிட்டது.

அவர் சிரிக்கவில்லை. எப்பிங் காட்டின் கிழ மரங்களை ஒவ்வொன்றாக அளந்து, இலக்கத் தகடு பதித்து, வரைபடத்தில் குறிக்கும் வேலை நடப்பதாகவும், அதைத் தொண்டர்களே செய்வதாகவும் சொன்னார். வானத்தில் சுற்றும் செய்மதியைப் பார்த்து இடம் சொல்லும் சின்னக் கருவி ஒன்றை அவர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். மரங்களுக்கு அடியில் போனால் அதற்குப் புத்தி தடுமாறிவிடுகிறதாம்.

"திசைகாட்டி பிடித்து அளக்க எங்கள் குழுவில் ஒருவருக்கும் தெரியாது" என்றார். "உங்களால் புதன்கிழமைகளில் வர முடியுமா?"

அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் அப்போது பக்கத்துப் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை செய்துகொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டே கோப்பைகளைத் துடைத்து அடுக்கினாள். பிறகு, "காட்டுக்கோ? காசு தந்தாலும் நான் போக மாட்டன். நீங்கள் சும்மா போறன் எண்டுறியள்" என்றாள்.

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. இடம்பெயர்ந்த காலத்தில் பதினொரு நாட்கள் வன்னியில் பற்றைகளுக்குள் படுத்துக் கிடந்தவள் அவள். அதைப் பற்றி அவள் பேசுவதில்லை. ஆனால் பூங்காவுக்குப் போனால்கூடத் திறந்த புல்வெளியில்தான் உட்காருவாள். எனக்கும் காடென்றால் ஒளிந்துகொள்ளும் இடம், அல்லது யாரோ ஒளிந்திருக்கும் இடம். அதைத் தவிர வேறு எதற்காகவும் ஒரு மனிதன் காட்டுக்குள் போவான் என்று அதுவரை நான் நினைத்துப் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை செய்வதாகச் சொல்லிப் புதன்கிழமைகளை விடுப்பாக மாற்றிக்கொண்டேன். ஸ்ட்ராட்போர்டில் ரயில் மாறி லவுட்டனில் இறங்கி, வீடுகள் முடியும் இடத்தில் ஏறினால் காடு. முதல் நாள் பாதையை விட்டு விலகும்போது என் கால் தானாகவே நின்றது; ஊரில் பாதையை விட்டு இறங்கினால் மிதிவெடி. தரையைப் பார்த்தேன். சருகு. அடுத்த அடி வைக்கும் இடத்தையும் பார்த்தேன். அதுவும் சருகு. அந்தப் பெண்மணி திரும்பிப் பார்த்தார். என்ன என்று கேட்கவில்லை. தான் முன்னால் நடந்து, தன் சப்பாத்துத் தடத்தில் நான் கால் வைக்கும்படி மெதுவாகப் போனார். பல மாதங்களுக்குப் பிறகுதான் அது அவர் தெரிந்தே செய்தது என்று எனக்குப் புரிந்தது.

பிறகு தலையை நிமிர்த்திப் பார்த்தேன்.

எந்த மரமும் ஒரு மரம் வளரவேண்டிய விதத்தில் வளர்ந்திருக்கவில்லை. அடிமரம் குட்டையாக, யானைத் தோல்போலச் சாம்பல் நிறமாக, ஆள் உயரத்துக்குச் சற்று மேலே பெரிய முண்டாகப் புடைத்து, அந்த முண்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிளைகள் ஒவ்வொன்றும் தனி மரம் அளவுக்கு நேரே வானத்துக்குப் போயிருந்தன. அவை பீச் மரங்கள். பள்ளமான பக்கத்தில் ஹோர்ன்பீம் மரங்கள் நின்றன. அவற்றின் உடல் முறுக்கிப் பிழிந்த துணிபோல இருந்தது. பலவற்றின் உள்ளே ஒன்றுமே இல்லை. ஒன்றுக்குள் நான் குனிந்து நுழைந்து நிமிர்ந்து நின்றேன். மேலே வட்டமாக வானம் தெரிந்தது. சுற்றிலும் நான்கு விரல் தடிப்பில் ஒரு சுவர், அவ்வளவுதான் மரம். அந்தச் சுவர் வழியாகத் தண்ணீர் ஏறி, மேலே ஆயிரக்கணக்கான இலைகள் இன்னும் மஞ்சளாக ஆடிக்கொண்டிருந்தன. நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். வெளியே வந்தபோது பெண்மணி படிவத்தில் 'உயிருடன் உள்ளது' என்ற கட்டத்தில் சரி போட்டுக்கொண்டிருந்தார்.

மரங்கள் அப்படியானதற்கு மனிதர்களே காரணம். அக்கம்பக்கத்துச் சனங்கள் விறகுக்காக மாடும் மானும் எட்டாத உயரத்தில் மரத்தின் தலையை வெட்டுவார்கள். அது மறுபடி தளிர்க்கும். சில வருடங்கள் விட்டு மறுபடி வெட்டுவார்கள். இப்படித் தலைமுறை தலைமுறையாக நடந்து, நூற்றுச் சொச்சம் வருடங்களுக்கு முன் நின்றுபோனது. வெட்டாமல் விட்ட மரங்கள் ஓங்கி வளர்ந்து, காற்றில் விழுந்து, எப்போதோ மண்ணாகிவிட்டன. வெட்டுப்பட்டவைதான் இன்னும் நிற்கின்றன. இதைப் பெண்மணி சொல்லக் கேட்ட அன்று நான் மதியச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தேன்.

வேலை எனக்குப் பிடித்துப்போனது. நெஞ்சளவு உயரத்தில் நாடாவைச் சுற்றிச் சுற்றளவு எடுப்போம். தெரிந்த ஒரு ஓக் மரத்தை ஆதாரப் புள்ளியாக வைத்து, அதிலிருந்து திசையும் தூரமும் நான் குறிப்பேன். பெண்மணி அலுமினியத் தகட்டை ஒரு ஆணியால் பதிப்பார். குளிர்காலம் என்று பெயர். ஆனால் தேம்ஸ் முகத்துவாரத்திலிருந்து வரும் ஈரக்காற்று அந்தக் காட்டை அவ்வளவாக உறைய விடுவதில்லை. பட்டை முழுக்கப் பாசி பச்சையாக இருக்கும். தொட்டால் விரல் நனையும்.

நவம்பரில் ஒரு மேட்டுப் பக்கத்துக்குப் போனோம். அங்கே ஹொலிப் பற்றை அடர்த்தியாக இருந்தது. அதன் இலை ஆண்டு முழுக்கக் கரும்பச்சையாக, முள்ளோடு நிற்கும். அந்தப் பற்றைக்கு இந்தப் பக்கமாக நான்கு பீச் மரங்களை அளந்து தகடு பதித்தோம். அடுத்த புதன்கிழமை மறுபக்கமாகச் சுற்றி வந்து இன்னும் மூன்றைப் பதித்தோம். பற்றை மறைத்ததால் எந்த இடத்தில் நின்றாலும் இரண்டு மரங்களுக்கு மேல் ஒன்றாகத் தெரியவில்லை.

டிசம்பரில் ஒரு மாலை, மகளின் கணிதக் கொப்பியிலிருந்து கட்டத்தாள் கிழித்து, அதுவரை எடுத்த அளவுகளைச் சமையலறை மேசையில் வைத்து வரைந்தேன். கோணமானியும் அடிமட்டமும் மகளுடையவை. அந்த ஏழு மரங்களையும் புள்ளியாகக் குறித்து முடித்தபோது எங்கோ பிழை விட்டுவிட்டேன் என்று நினைத்தேன். அழித்துவிட்டு மறுபடி வரைந்தேன். அதே இடங்களில்தான் புள்ளிகள் விழுந்தன.

மனைவி மேசைக்கு மறுபக்கம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலைகீழாகத் தாளைப் பார்த்தவள், "இதென்னப்பா, ஆரோ வட்டம் போட்டு நட்டு வைச்ச மாதிரிக் கிடக்குது" என்றாள்.

வட்டமல்ல, நீள்வட்டம். ஒன்பது மீற்றர் நீளம், ஆறு மீற்றர் அகலம். ஏழு புள்ளிகளும் அதன் விளிம்பில் இருந்தன. இரண்டு இடங்களில் மட்டும் இடைவெளி கூட. அந்தக் காட்டில் யாரும் மரம் நட்டதில்லை. அதனால் நட்டு வைத்தவை அல்ல என்று எனக்குத் தெரியும். அப்படியானால் என்ன என்ற கேள்விக்கு ஒரு பதில்தான் இருந்தது. அதை வாயால் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

அடுத்த புதன்கிழமை தாளைப் பெண்மணியிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு நாங்கள் இருவரும் முழங்காலில் தவழ்ந்து ஹொலிப் பற்றைக்குள் போனோம். என் காதிலும் அவர் கன்னத்திலும் முள் கீறியது. உள்ளே தரை மெல்ல மேடாக இருந்தது. கையால் சருகையும் கறுப்பு மண்ணையும் ஒதுக்கினேன். ஒரு முழ ஆழத்தில் கட்டை தட்டுப்பட்டது. சாம்பல் நிறம், மழுமழுப்பு. அது ஒரு மரத்தின் அடியிலிருந்து அடுத்த மரத்தின் அடிக்குப் புதைந்த மதில்போல வளைந்து போனது. மூன்று மரங்களுக்கு இடையே அதைத் தொடர முடிந்தது. அதற்கப்பால் இற்றுப்போய் மண்ணாகிக் கிடந்தது.

எத்தனையோ காலத்துக்கு முன் யாரோ ஒருவர் ஒரு பீச் மரத்தை அடியோடு வெட்டியிருக்கிறார். அடிக்கட்டையின் விளிம்பில் தளிர்கள் வந்திருக்கின்றன. அவையும் வெட்டப்பட்டு, மறுபடி தளிர்த்து, கட்டை விரிந்து, நடு இற்றுப்போய், விளிம்பில் இருந்த தளிர்கள் தனித்தனி மரங்களாகி, அவற்றின் தலைகளும் வெட்டப்பட்டு, அவையும் கிழடாகியிருக்கின்றன. நாங்கள் அளந்த ஏழு கிழ மரங்களும் ஒரே மரம்.

கணக்கெடுப்புக்குப் பொறுப்பான இளம் அதிகாரி ஒருவர் இருந்தார். வரைபடத்தைக் கவனமாகப் பார்த்தார். அழகாக வரைந்திருக்கிறீர்கள் என்றார். ஆனால் மூன்றின் வேர் சேர்ந்திருப்பதை வைத்து ஏழும் ஒன்று என்று பதிவை மாற்ற முடியாது, பக்கத்துப் பக்கத்து மரங்களின் வேர்கள் ஒட்டிக்கொள்வதும் உண்டு என்றார். அவர் சொன்னது நியாயம்தான். வரைபடத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

திரும்பி நடக்கும்போது பெண்மணிதான் அந்த வழியைச் சொன்னார். அவர் வீட்டுத் தோட்டத்தில் ஒரே நாளில் நட்ட இரண்டு பீச் மரங்கள் நிற்கின்றன. ஒவ்வொரு வசந்தத்திலும் ஒன்று மற்றதைவிட ஒரு கிழமை, ஏழெட்டு நாள், முந்தி இலை விரிக்குமாம். ஒரு வருடமும் மாறியதில்லை. ஒவ்வொரு பீச்சுக்கும் அதற்கென்று ஒரு நாள். ஏழும் ஒரே மரமென்றால் ஏழும் ஒரே நாளில் விரிய வேண்டும்.

அந்தக் குளிர்காலம் முழுக்க நான் ஏப்ரலுக்காகக் காத்திருந்தேன். ஏப்ரல் வந்ததும் புதன்கிழமை மட்டும் போதவில்லை. இரண்டு மணிக்கு வேலை முடிந்ததும் நேரே ரயில் ஏறிவிடுவேன். மொட்டுகள் வெண்கல நிறத்தில், ஊசிபோல நீளமாக, இறுக்கமாக இருந்தன. நாளுக்கு நாள் கொஞ்சம் தடித்தன. மாத நடுப்பகுதி தாண்டியது. காட்டில் ஹோர்ன்பீம்கள் பச்சையாகின. பீச் ஒன்றுகூட அசையவில்லை. வீட்டில் சாப்பிடும்போதும் மொட்டைப் பற்றியே பேசினேன். மகள் காதில் பாட்டுக் கருவியைச் செருகிக்கொண்டு எழுந்து போய்விடுவாள். மனைவி மட்டும் இருந்து கேட்பாள்.

மாதத்தின் கடைசிக் கிழமை, என்னோடு வேலை செய்த பொடியனுடைய தகப்பன் ஊரில் காலமாகிவிட்டார். அவனுக்குப் பதிலாக நானே காலையும் மாலையும் நிற்க வேண்டி வந்தது. மறுக்கிற விஷயமல்ல. மூன்று நாட்கள் காட்டுக்குப் போகவில்லை. அந்த மூன்று நாட்களும் நல்ல வெயில். இரண்டாம் நாள் இரவு சோறு போட்டுக் கொடுத்த மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அந்த வரைபடத்தைத் தாங்கோ. நாளைக்கு ரெண்டு மணிக்குப் பிறகு நான் போய்ப் பாக்கிறன்" என்றாள்.

நான் வேண்டாம் என்றேன். நீர் தனியப் போக ஏலாது, பாதையை விட்டு உள்ளே நடக்க வேண்டும் என்றேன். அவள் கைகழுவப் போனாள். பிறகு வந்து, ஓக் மரத்திலிருந்து எத்தனை காலடி, எந்தப் பக்கம் என்று கேட்டாள். நான் ஒரு தாளில் புதிதாக வரைந்து கொடுத்தேன். இத்தனை வருட அளவை வேலையில் இவ்வளவு பயந்து பயந்து ஒரு வரைபடமும் வரைந்ததில்லை.

மறுநாள் பின்னேரம் நாலு மணி போல மேசைக்கடியில் என் கைத்தொலைபேசி அடித்தது. முன்னால் ஒருவர் சில்லறைக்காக நின்றார். நான் எடுத்துவிட்டேன்.

முதலில் மனைவியின் மூச்சு மட்டும் கேட்டது. பயந்துவிட்டேன். எங்கே நிற்கிறீர் என்று கேட்டேன்.

"நடுவில நிக்கிறன்" என்றாள். "ஏழும் விரிஞ்சிட்டுது. ஏழுந்தான். தகட்டைப் பாத்துப் பாத்து எண்ணினனான். சுத்திவர மற்ற மரமெல்லாம் இன்னும் மூடிக்கொண்டுதான் நிக்குது."

தொலைபேசியைக் காதிலேயே வைத்திருந்தேன். சில்லறைக்காக நின்றவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கெட்ட செய்தியா என்று கேட்டார். இல்லை, மரம் இலை விட்டிருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் சில்லறையை எண்ணாமல் போய்விட்டார்.

இரவு அவள் முழுவதையும் சொன்னாள். ஓக்கிலிருந்து நான் எழுதிக் கொடுத்த அடிக் கணக்கை எண்ணிக்கொண்டே போயிருக்கிறாள். இரண்டு தடவை பாதைக்குத் திரும்பி ஓடி வந்திருக்கிறாள். மூன்றாம் தடவை எண்ணுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்திருக்கிறாள். மற்றப் பீச் கிளைகளெல்லாம் மொட்டையாக, மண்ணிறமாக நிற்கும் மேட்டில் ஓரிடத்தில் மட்டும் வெளிச்சம் பச்சையாக இருந்ததாம். விளக்கு ஏற்றிய அறை மாதிரி என்றாள். அதை நோக்கி நடந்திருக்கிறாள். வரைபடம் தேவைப்படவில்லை. மானோ எதுவோ தின்று ஒதுக்கிய ஒரு சந்து வழியாகப் பற்றைக்குள் புகுந்து நடுவில் நின்றிருக்கிறாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. பயமாக இருக்கவில்லையா என்று கேட்டேன். பயப்பட மறந்துபோனேன் என்றாள்.

அடுத்த நாள் நானும் போனேன். வசந்தத்துப் பீச் இலையை அதுவரை நான் கிட்டப் பார்த்ததில்லை. விசிறி மடிப்போடு இருந்தது. அன்றுதான் பிறந்த குழந்தையின் காதுபோல மெல்லியது, ஓரம் முழுக்க வெள்ளைப் பூனைமயிர். வெயில் அதன் வழியாகத் தடையில்லாமல் வந்தது. என் கையும் சட்டையும் பச்சையாகத் தெரிந்தன. அந்த இலைகள் நேற்றோ முந்தாநாளோ பிறந்தவை. அவற்றைப் பெற்ற கட்டை எந்த அரசன் காலத்தது என்று யாருக்கும் தெரியாது. இரண்டும் ஒரே உடம்பு. அந்த இடத்தில் நின்று எதையாவது யோசிக்கலாம் என்று பார்த்தேன். யோசனை ஓடவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

பெண்மணிக்கு அன்றே தொலைபேசியில் சொன்னோம். அவர் இளம் அதிகாரியைக் கையோடு அழைத்து வந்தார். அப்போது மற்ற பீச்சுகள் ஒன்றிரண்டுதான் விரியத் தொடங்கியிருந்தன. அதிகாரி வளையத்தைச் சுற்றி ஒரு முறை நடந்தார். மறுபடி ஒரு முறை நடந்தார். மே மாதம் பழைய மரங்களைப் பற்றித் தெரிந்த ஒரு நிபுணரைக் கூட்டி வந்தார். அவர் மண்ணைக் கிளறி, பட்டைகளையும் இலைகளையும் ஒப்பிட்டு, முழு நாளும் அங்கேயே இருந்துவிட்டு, ஒரே மரம்தான் என்று எழுதிக் கொடுத்தார்.

தகடுகளைப் பிடுங்கினால் பட்டைக்குக் காயம் என்று ஏழையும் அப்படியே விட்டார்கள். பதிவேட்டில் மட்டும் ஆறு இலக்கங்களை அடித்துவிட்டு ஒன்றை வைத்தார்கள். சுற்றளவு எழுத வேண்டுமே என்று நானும் பெண்மணியும் முழு வளையத்தையும் சுற்றி நாடா பிடித்தோம். ஹொலிக்குள் புகுந்து வர அரை மணி நேரம் ஆனது. இருபத்து நான்கு மீற்றருக்குச் சற்றுக் குறைவு. வயது என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று நிபுணரைக் கேட்டேன்.

"வெறுமையாக விடுங்கள்" என்றார். "எந்த எண்ணைப் போட்டாலும் நான் அளந்து சொன்னதாக இருக்காது."

அளவெடுப்பதையே தொழிலாகப் படித்தவனுக்கு ஒரு கட்டத்தை வெறுமையாக விடுவது வெட்கம். ஆனால் அன்று அந்த வெற்றுக் கட்டத்தைப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது.

கணக்கெடுப்பு இன்னும் இரண்டு வருடங்கள் நடந்தது. பள்ளிக்கூட விடுமுறைக் காலப் புதன்கிழமைகளில் மனைவியும் வந்தாள். பெண்மணிக்கும் அவளுக்கும் ஒருவர் மொழி மற்றவருக்கு அரைகுறை. ஆனாலும் அவர்கள் பேச்சு நின்றதை நான் கண்டதில்லை. பிறகு வேலை காரணமாக நாங்கள் கோலியர்ஸ் வுட்டுக்கு வீடு மாறினோம். காடு லண்டனின் மறுகோடிக்குப் போய்விட்டது. வருடத்துக்கு ஒரு முறை, ஏப்ரல் கடைசியில், இருவரும் விடுப்பு எடுத்துக்கொண்டு போவோம்.

அதில் ஒரு வருடம் நாங்கள் முந்திப் போய்விட்டோம். மழை தூறிக்கொண்டிருந்தது. ஏழு மரங்களிலும் மொட்டுகள் தடித்து, நுனியில் நூல்போலப் பச்சை தெரிய, மூடியே இருந்தன. எனக்கு ஏமாற்றம். கொண்டுபோன புட்டையும் சம்பலையும் குடைக்குக் கீழே வைத்துச் சாப்பிட்டோம். நாளைக்கு இன்னொரு நாள் விடுப்புக் கேட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டேன்.

அவள் அடிமரத்தில் முதுகைச் சாய்த்து, கண்ணை மூடியபடி இருந்தாள்.

"வேண்டாம்" என்றாள். "நாங்கள் பாக்காட்டிலும் அது விரியுந்தானே."

மழை கொஞ்சம் வலுத்தது. நாங்கள் பெட்டியை மூடிக்கொண்டு ரயிலுக்கு நடந்தோம்.